சரியா மணக்குது

எனக்கு மணம் தெரியாமல் போய் இன்றோடு நூற்றுப் பதினாறு நாட்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் வேலை செய்வது சென்ற் என்னும் வாசனைத் திரவியம் செய்யும் இடத்தில்.

இடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் முனவ்வறா அக்காவின் அழகு நிலையம் இருக்கிறது. முன்னறையில் மணப்பெண் அலங்காரம் செய்வார். பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே நீள மேசை, மின்தராசு, எண்ணெய்க் கான்கள். பிறகு ரஜிதாவும் நானும். நான் நிறுத்துக் கலப்பேன். ரஜிதா போத்தல்களில் நிரப்பி ஒட்டுத்தாள் ஒட்டுவாள். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு அரச வேலைக்காகக் காத்திருப்பவள். ரஜிதா என்னைக் 'கெமிஸ்ட் அக்கா' என்பாள். என் பெயர் கஜேந்தினி.

நாங்கள் செய்யும் சென்ற்றின் பெயர் 'அஞ்சு நிமிசம்'. அது முனவ்வறா அக்காவின் யோசனை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் விடிய முன்னமே பஸ் ஏறுகிறார்கள். தாய்மார் கூப்பிடக் கூப்பிட 'அஞ்சு நிமிசம் அம்மா' என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று, கடைசியில் பவுடர்கூடப் போடாமல் ஓடுகிறார்கள்.

"மேக்கப் போட நேரமில்லாட்டி மேக்கப்பின்ர மணத்தையாவது போட்டுக்கொண்டு போகட்டும்" என்றார் அக்கா.

லிப்ஸ்டிக் மூடியைக் கழற்றும்போது வரும் மணம். முகப் பவுடர் டப்பாவைத் திறக்கும்போது எழும் மணம். இரண்டையும் சேர்த்து, விரல் நீளப் போத்தலில், உருட்டிப் பூசும்படி அடைத்திருந்தோம். ஒரு சோற்றுப் பார்சலைவிட விலை குறைவு. அக்காவின் வாப்பா கச்சு முகம்மது முல்லைத்தீவில் சைக்கிளில் அத்தர் விற்றவர். அவர் வழியில் அக்காவும் மதுசாரம் சேர்ப்பதில்லை. எல்லாம் எண்ணெயில்தான். ஆமணக்கெண்ணெயும் பாதாம் எண்ணெயும்.

"எண்ணெயின்ர பேரிலேயே மணக்கு இருக்குது பாருங்கோ" என்று ரஜிதா முதல் நாளே கண்டுபிடித்தாள்.

லிப்ஸ்டிக் மணத்தின் நடுவில் இருப்பது அயனோன் என்ற சேர்வை. அதற்கு ஒரு குணம் உண்டு. மூக்கில் உள்ள வாங்கிகளைக் கொஞ்ச நேரத்துக்கு அது களைத்துப்போகச் செய்யும். மணம் வரும், சட்டென்று காணாமல் போகும், பிறகு தானே திரும்பி வரும். நான் வேலைக்கு வந்த புதிதில், முதல் மாதிரியை மணந்த அக்கா திடுக்கிட்டார்.

"எங்க போட்டுது கஜி? இப்பதானே இருந்தது?"

"கொஞ்சம் நிண்டு பாருங்கோ அக்கா. வரும்."

வந்தது. அக்கா சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி. போறம் போறம் எண்டு வாசல் படலை வரைக்கும் போய், திரும்பி வந்து நிக்குது."

அன்று எனக்கும் மணம் தெரிந்தது. மூன்று பேரும் மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு, போவதையும் வருவதையும் சொல்லிச் சொல்லி நின்றோம். அவ்வளவு சத்தமாக நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். அது விட்ட காலையில், நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்காரி சிவலட்சுமி அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நிறைய இஞ்சி போட்டிருப்பதாகச் சொன்னார். நான் குடித்தது சூடான, இனிப்பான தண்ணீர்.

வேலைக்குத் திரும்பியதும் அயனோன் சீசாவைத்தான் முதலில் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் நிற்போம், வரும் என்று நின்றேன். ரஜிதா ஒரு பெட்டி முழுவதற்கும் ஒட்டுத்தாள் ஒட்டி முடித்துவிட்டாள். நான் சீசாவை மூடி வைத்தேன்.

கட்டுரைகள் வாசித்தேன். சிலருக்கு வாரங்களில் திரும்புமாம். சிலருக்கு வருடங்கள். சிலருக்கு இல்லை.

மறைப்பது கடினமாக இருக்கவில்லை. தராசுக்கு மூக்குத் தேவையில்லை. விகிதங்கள் எல்லாம் என் தலையில் இருந்தன. ஒவ்வொரு கலவையையும் அக்காதான் முதலில் மணந்து பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். நான் மூச்சை இழுத்து, முன்பு எவ்வளவு நேரம் எடுப்பேனோ அவ்வளவு நேரம் எடுத்து, அக்காவின் புருவத்தைப் பார்ப்பேன். ஊர்ப் பெண்களின் புருவத்தையெல்லாம் நூலால் எடுத்துவிடும் அக்காவுடைய சொந்தப் புருவம் எதையும் ஒளிக்கத் தெரியாதது. இடது பக்கம் உயர்ந்தால் ஏதோ கூடிவிட்டது. இரண்டும் தளர்ந்தால் நல்லது.

"நல்லா இருக்கு அக்கா" என்பேன்.

"எனக்கும் அதுதான்" என்பார்.

இப்படி ஒருவரோடு ஒத்துப்போவது தனிமையான வேலை.

வெளியிலும் அப்படித்தான். மழைக்கு முன்னால் பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவார்கள். நானும் திருப்புவேன், கொஞ்சம் பிந்தி. என் உடம்பு எப்படி மணக்கிறது என்று எனக்குத் தெரியாது. காலையும் மாலையும் குளித்தேன். சந்தேகமான சட்டையை இரண்டு தரம் தோய்த்தேன். பஸ்ஸில் ஓர ஆசனம் கிடைக்காவிட்டால் நின்றேன். யாராவது பக்கத்தில் இருந்து எழுந்து வேறு இடம் போனால், அவர் இறங்கும் இடம் வரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அன்ரி என் அறைக் கதவைத் தட்டாமலே ஓடி வந்தார்.

"பிள்ளை! சோறு அடிப்பிடிச்சுப் புகையுது. உமக்கு மணக்கேல்லையோ?"

"படிச்சுக்கொண்டிருந்தன் அன்ரி."

"நல்ல படிப்பு. வீட்டை எரிச்சுப் போட்டுப் படியும்."

அன்றிரவு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அண்ணாவோடு அக்கராயன் பக்கம் இருக்கிறார். எங்கள் ஆட்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். வீட்டில் ஒரு தமிழ், கிளிநொச்சி ரவுணில் ஒரு தமிழ். கம்பஸில் வாயைத் திறப்பதற்கு முன்னால் எந்தத் தமிழ் என்று யோசித்துத்தான் திறப்பேன். பிறகு திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

"என்னா புள்ள, சாப்புட்டியா? என்னா கறி?"

"பருப்பும்மா."

"கடுகு, கருவேப்பில எல்லாம் போட்டு மணக்க மணக்க தாளிச்சியா?"

"ம்."

அம்மாவுக்கு 'மணக்குது' என்றால் நல்லது. கெட்டது என்றால் 'நாறுது' என்பார். சிவலட்சுமி அன்ரிக்கு 'மணக்குது' என்றால் மூக்கைப் பொத்த வேண்டும். நல்லதற்கு 'வாசம்' என்பார். இரண்டும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூக்கு இருந்தவரை இதில் எனக்குக் குழப்பம் வந்ததேயில்லை.

சித்திரை மாதம் அக்காவின் தங்கைக்குப் புத்தளத்தில் கல்யாணம் வந்தது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து அங்கே இடம்பெயர்ந்து போனவர்களில் அக்கா திரும்பி வந்தார், தங்கை அங்கேயே தங்கிவிட்டார். அக்காதான் மணப்பெண் அலங்காரம். பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"புதுக் கலவையை நீயே செய். முடிய ஒருக்கா மணந்து பார். நல்லமெண்டால் கடையளுக்கு அனுப்பு. என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காத. கல்யாண வீட்டில எனக்குப் போன் கேக்காது."

"நீங்கள் வந்த பிறகு செய்வமே அக்கா?"

"ஏன், உனக்கு மூக்கில்லையோ?"

ரஜிதா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கிழமை முழுதும் சரியான வெயில். தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. பாதாம் எண்ணெய்க் கான் பாதி குறைந்து, மேற்குச் சுவரோரம் இருந்தது. மேற்குச் சுவரும் தகரம். பாதி காலியான கானில் எண்ணெய்க்கு மேலே காற்று இருக்கும், காற்றில் ஒட்சிசன் இருக்கும், வெப்பம் மிச்சத்தைச் செய்யும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். கானின் திகதியைப் பார்த்தேன், முடிந்திருக்கவில்லை. நிறத்தைப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. பழுதாகத் தொடங்கிய எண்ணெயைக் கண் கண்டுபிடிக்காது. ஆய்வுகூடம் இருந்தால் பழுதை அளக்க ஒரு நியமிப்புச் சோதனை செய்யலாம். மூக்கு அதைவிடவும் முந்தும்.

நிறுத்தேன். கலந்தேன். ரஜிதாவிடம் நீட்டினேன்.

"ஒருக்கா மணந்து சொல்லுமன்."

"ஐயோ அக்கா, விடியத்தொடக்கம் இதே மணத்துக்குள்ள நிக்கிறன். என்ர மூக்குச் செத்துப்போச்சு. ஒண்டும் தெரியேல்லை."

அவள் சிரித்துக்கொண்டு அதைச் சொன்னாள். வெளியே போய்க் கொஞ்சம் காற்றில் நின்றால் அவள் மூக்குத் திரும்பிவிடும். அப்படி நின்றுவிட்டு வரச்சொல்லி நான் கேட்டிருக்கலாம். 'ஏன் அக்கா, நீங்கள் மணந்து பாக்கேல்லையோ' என்று அவள் கேட்பாள். அதனால் நான் கேட்கவில்லை.

ஒரு போத்தலை மட்டும் பார்சல் கட்டி நெடுங்கேணி பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே சுகந்தினி அக்காவின் கடையில்தான் எங்கள் சென்ற் அதிகம் விற்கும். 'புதுக் கலவை. எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கோ' என்று ஒரு செய்தியும் அனுப்பினேன்.

பின்னேரம் பதில் வந்தது. இரண்டே சொற்கள்.

சரியா மணக்குது.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் 'சரியான வெயில்' என்றால் கடும் வெயில். 'சரியான சனம்' என்றால் கால் வைக்க இடமில்லை. 'சரியா மணக்குது' என்று ரவுண் தமிழில் வாசித்தால், தாங்க முடியாத மணம். வீட்டுத் தமிழில் வாசித்தால், எப்படி மணக்க வேண்டுமோ அப்படியே மணக்கிறது. அதே எழுத்துகள். குரல் இருந்தால் பிரித்துவிடலாம், முகம் இருந்தால் பிரித்துவிடலாம். என்னிடம் போன் திரைதான் இருந்தது.

அவருக்குப் போன் எடுத்துக் கதைத்திருக்கலாம். ஆனால் போத்தல் என் கையிலேயே இருக்கும்போது, 'எந்த மணம்' என்று இன்னொருவரை எப்படிக் கேட்பது?

நான் வீட்டுத் தமிழில் வாசித்தேன். சுகந்தினி அக்கா நெடுங்கேணியிலேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் வீட்டுத் தமிழ் அவர் வாயில் வராது என்று தெரிந்தும் அப்படி வாசித்தேன். 'நன்றி அக்கா' என்று பதில் போட்டு, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் எல்லாப் பெட்டிகளும் போயின.

அவை திரும்பி வந்த நாளும் முனவ்வறா அக்கா திரும்பி வந்த நாளும் ஒன்று. இன்று. பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. அக்கா கை நிறைய மருதோன்றியோடும் ஒரு தொதல் இனிப்புப் பார்சலோடும் வந்து இறங்கினார். பெட்டிகளைப் பார்த்தார். கைப்பையைக்கூட வைக்காமல் ஒரு போத்தலை எடுத்துத் திறந்தார். மூக்குக்குக் கொண்டுபோக முன்பே இடது புருவம் ஏறிவிட்டது.

"பழைய லிப்ஸ்டிக்" என்றார். "அலுமாரிக்குப் பின்னால விழுந்து, மூண்டு வருசம் கழிச்சு எடுத்த லிப்ஸ்டிக் மாதிரி. எண்ணெய் பழுதாப் போச்சு."

இந்த அறை, இந்த மேசை, 'கெமிஸ்ட் அக்கா' என்ற இந்தப் பெயர். ஒரு சொல்லில் எல்லாம் போய்விடும். மணம் தெரியாதவளைச் சென்ற் செய்யும் இடத்தில் யார் வைத்திருப்பார்கள்?

அக்கா சுகந்தினி அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நான் அண்டைக்கே உங்கட பிள்ளைக்குச் சொன்னனான், சரியா மணக்குது எண்டு" என்றது போன். "அவா நன்றி எண்டு போட்டுச் சிரிக்கிறா. நான் நினைச்சன், என்னை நக்கலடிக்கிறா எண்டு."

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாசிச்சனியோ?"

"ஓம்."

"வாசிச்சுப் போட்டுமோ அனுப்பினனி?"

"நான்… சரியா மணக்குது எண்டால்… சரியா இருக்கு எண்டு நினைச்சன். எங்கட வீட்டில அப்பிடித்தான் சொல்லுறது."

ரஜிதாவுக்குச் சிரிப்பு வெடித்தது. "கெமிஸ்ட் அக்கா! தோட்டத்துத் தமிழில வாசிச்சுப் போட்டு லொறி கணக்கா அனுப்பியிருக்கிறா!"

"வாயை மூடடி" என்ற அக்காவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "அட அல்லாஹ். பாவம் அந்த மனுசி. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதியிருக்கும். இஞ்சயிருந்து நன்றி போகுது." கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தார். "சரி, சொல்லு. அந்த மனுசி சொன்னதை விடு. உன்ர மூக்கு என்ன சொன்னது?"

நான் தராசைப் பார்த்தேன். அது பூச்சியத்தில் நின்றது.

அக்கா, என் முகத்தில் எதைக் கண்டாரோ, குரலைத் தணித்தார்.

"விளங்குது. இது என்ர பிழை. நீ ஒருநாளும் லிப்ஸ்டிக் போடாத பிள்ளை. புதுசு எப்பிடி, பழசு எப்பிடியெண்டு உனக்கு என்னண்டு தெரியும்? மேக்கப் மணத்தில சென்ற் செய்யிறம், செய்யிற பிள்ளைக்கு ஒரு மேக்கப் பையைக் காட்டேல்லை நான்."

ஒரு கதவு திறந்து கிடந்தது. நான் 'ஓம் அக்கா' என்றால் போதும்.

அவர் முன்னறைக்குப் போய் இரண்டு லிப்ஸ்டிக் கொண்டுவந்தார். ஒன்று புத்தளத்துக் கல்யாணத்துக்கு வாங்கியதாம். மற்றது மேசை இலாச்சியின் அடியில் கிடந்ததாம். என்னைக் கதிரையில் இருத்தினார்.

"கண்ணை மூடு. மேக்கப் போடுறதுக்கு இல்லை, பயப்படாத. மூச்சை மெல்ல இழு."

மூடினேன். மேல் உதட்டுக்குப் பக்கத்தில் ஏதோ வந்தது. அக்காவின் விரலின் சூடு தெரிந்தது. இழுத்தேன். காற்று வந்தது.

"இது ஒண்டு." விரல் போயிற்று, திரும்ப வந்தது. "இது மற்றது. எது பழசு?"

அதே காற்று. முதலாவது குளிர்ந்த காற்றாகவும் இரண்டாவது சூடான காற்றாகவும் இருந்தது என்று நினைக்கப் பார்த்தேன். அதுவும் இல்லை. இரண்டில் ஒன்று. அரைவாசி நிகழ்தகவு. புருவத்தைப் பார்க்க வழியில்லை.

"ரெண்டாவது" என்றேன்.

"பாத்தியோ!" அக்கா என் தோளில் தட்டினார். "நான் சொன்னனானே! மூக்கு இருக்குது. பழக்கம்தான் இல்லை. ரஜிதா, பார், ஒரே தரத்தில பிடிச்சிட்டாள்."

"படிச்ச மூக்கெல்லோ" என்று ரஜிதா கை தட்டினாள்.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் இப்பிடி ஒவ்வொண்டாப் பழக்குறன். இந்தப் பிழை ஒருக்கா எல்லாருக்கும் வாறதுதான். இனி நான் இல்லாத நேரம் நீதான் இஞ்ச மூக்கு. நீ நல்லமெண்டு சொன்னால் நான் கேக்காமல் அனுப்புவன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. ரஜிதா தொதல் பார்சலைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் எப்படி வருகிறது பார் என்று அவள் சொல்வதும், அக்கா ஆமோதிப்பதும் கேட்டது. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். நான் மட்டும் பக்கத்து அறையில் இருந்து அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. தப்பிவிட்டேன். இனி ஒவ்வொரு பின்னேரமும் கண்ணை மூடி, இரண்டில் ஒன்றைச் சொல்லி, இந்த அறையிலேயே இருந்துகொள்ளலாம்.

"இந்தா, முதல்ல ஒரு துண்டு சாப்பிடு" என்று அக்கா என் கையில் தொதலை வைத்தார். "மணமே வயிறு நிறைக்கும்."

துண்டு கையில் ஒட்டியது. நான் கண்ணைத் திறந்தேன். அக்காவின் இரண்டு புருவமும் தளர்ந்திருந்தன.

"அக்கா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் இப்ப சும்மாதான் சொன்னனான். எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலயிருந்து ஒண்டும் மணக்கிறதில்லை. நல்லதும் மணக்கிறதில்லை. கெட்டதும் மணக்கிறதில்லை."